இதயத்தசையில் உடற்பயிற்சியும் நோயும் ஏற்படுத்தும் மாற்றங்கள்

இதயத்தசை என்பது இதயச் சுவரின் பெரும்பகுதியை ஆக்கும் தனிவகைத் தசையாகும். எலும்புத்தசையைப் போல இதிலும் வரிகள் உண்டு. ஆனால் கை, கால் தசைகளைப் போல இதை விருப்பப்படி இயக்கவோ நிறுத்தவோ முடியாது. உடற்பயிற்சி, நோய் ஆகிய இரண்டுமே இத்தசையின்மீது கூடுதல் சுமையை ஏற்றுகின்றன. இரண்டினாலும் இதயச் சுவர் தடிக்கலாம், இதய அறை விரியலாம். ஆயினும் பயிற்சியால் வரும் மாற்றம் இதயத்தின் திறனைக் கூட்டுகிறது. நோயால் வரும் மாற்றம் நாளடைவில் அதைக் குறைக்கிறது.

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டில் உள்ள அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்கு 1,200க்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்ல வேண்டும். வாகனங்கள் செல்ல மலைப்பாதையும் உண்டு. படிவழியில் ஏறும் ஒருவரின் இதயம் செய்யும் வேலையைக் கொண்டு இதயத்தசையின் இயல்பையும், அது நோயுறும்போது நிகழ்வதையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அமைப்பும் இயக்கமும்

இதயத்தசைச் செல்கள் கிளைவிட்டு, ஒன்றோடொன்று முனைகளில் இணைந்திருக்கின்றன. இந்த இணைப்புகளின் வழியே மின்தூண்டல் செல் விட்டுச் செல் விரைவாகப் பரவுவதால், பல கோடிச் செல்கள் ஒரே தசைபோலச் சேர்ந்து சுருங்குகின்றன. மின்தூண்டல் வந்ததும் செல்லுக்குள் சிறிதளவு கால்சியம் நுழைகிறது. அது, செல்லின் உட்சேமிப்பில் உள்ள கால்சியத்தை மேலும் வெளியேறச் செய்கிறது. கால்சியம் ட்ரோபோனின் என்னும் புரதத்துடன் சேரும்போது தசையிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுருங்குகின்றன. கால்சியம் மீண்டும் சேமிப்புக்குத் திரும்பினால்தான் தசை தளரும். சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் ஆற்றல் தேவை.

இதயம் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இதற்கான ஆற்றலைத் தரும் இழைமணிகள், இதயத்தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிரப்பியுள்ளன. ஓய்வாக இருக்கும்போதே, தன்னிடம் வரும் குருதியில் உள்ள ஆக்சிசனில் 70 முதல் 80 விழுக்காட்டை இதயத்தசை எடுத்துக்கொள்கிறது. எனவே தேவை கூடும்போது அதே குருதியிலிருந்து மேலும் அதிகமாக எடுக்க வழியில்லை. கரோனரித் தமனிகளின் வழியே வரும் குருதியின் அளவுதான் கூடியாக வேண்டும். இதய நோய்களைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மை அடிப்படையானது.

படியேறும்போது நிகழ்வது

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மி.லி. குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு எனக் கொண்டால் இது ஏறத்தாழ 5 லிட்டர் ஆகும். கடும் உழைப்பின்போது நலமான ஒருவருக்கு இது 20 லிட்டரைத் தாண்டும்.

இந்த உயர்வு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவதாக, அட்ரீனலின் முதலிய சுரப்புகளாலும் நரம்புத் தூண்டலாலும் துடிப்பு விரைகிறது. இரண்டாவதாக, அதே தூண்டல் கால்சிய ஓட்டத்தைக் கூட்டி ஒவ்வொரு சுருக்கத்தையும் வலுவாக்குகிறது. மூன்றாவதாக, கால் தசைகள் சிரைகளை அழுத்துவதால் இதயத்திற்குத் திரும்பும் குருதி கூடுகிறது. கூடுதலாக நிரம்பி நீண்ட தசை கூடுதல் விசையுடன் சுருங்குகிறது. இந்த மூன்றாவது பண்பு, அதை ஆராய்ந்த ஓட்டோ பிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகியோர் பெயரால் பிராங்க்–ஸ்டார்லிங் விதி எனப்படுகிறது.

இடது கீழறையின் தசைக்குள் குருதி பாய்வது பெரும்பாலும் இதயம் தளர்ந்திருக்கும் வேளையில்தான். சுருங்கும்போது தசையே தன் குருதிக்குழாய்களை நெருக்கிவிடுகிறது. துடிப்பு விரையும்போது முதலில் குறைவது இந்தத் தளர்வு நேரமே. நலமான கரோனரித் தமனிகள் விரிந்து, ஓய்வில் உள்ளதைப் போல நான்கைந்து மடங்கு குருதியைத் தந்து இக்குறையை ஈடுசெய்கின்றன. கொழுப்புப் படிவால் குறுகிய தமனியால் அது முடிவதில்லை. சமதரையில் நடக்கும்போது தெரியாத நெஞ்சு இறுக்கம், படியேறும்போது தோன்றி, உட்கார்ந்ததும் தணிவதன் காரணம் இதுவே.

தொடர்பயிற்சியின் விளைவு

பல வாரங்கள் தொடர்ந்து நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றில் ஈடுபடும்போது இடது கீழறை சற்றே விரிந்து, சுவரும் அதற்கேற்பத் தடிக்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் குருதி கூடுவதால் ஓய்வுநிலைத் துடிப்பு குறைகிறது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு இது 40 முதல் 50 வரைகூட இருக்கும். இந்த விரிந்த இதயம் விளையாட்டு வீரர் இதயம் எனப்படுகிறது. சுவீடனைச் சேர்ந்த ஹென்சென் 1899இல் பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தே இதைக் கண்டறிந்தார்.

பயிற்சியால் தடித்த இதயத்தில் தசைக்கேற்ப நுண்குழாய்களும் வளர்கின்றன; தழும்பு நார்கள் சேர்வதில்லை; தளரும் திறன் கெடுவதில்லை. பயிற்சியை நிறுத்தினால் தடிப்பும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. வீரர்களின் இதயச் சுவர் 13 மி.மீ. அளவைத் தாண்டுவது அரிது. வேறு காரணம் ஏதுமின்றி 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் தசைநோய் எனக் கருதப்படுகிறது.

அசையாமல் கிடப்பதன் கேட்டை 1966இல் அமெரிக்காவின் டல்லாசில் நடந்த ஆய்வு காட்டியது. 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையில் இருந்தபோது, அவர்களின் உடல் ஆக்சிசனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரும் மீண்டும் ஆராயப்பட்டனர். 30 ஆண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்களின் திறனை அதிகம் குறைத்திருந்தது.

நோயின் விளைவு

உயர் குருதியழுத்தத்தில் இதயம் இரவும் பகலும் ஓய்வின்றி எதிரழுத்தத்தைத் தள்ளவேண்டியுள்ளது. பயிற்சியின் சுமை நாளுக்கு ஒரு மணி நேரமென்றால், இந்தச் சுமை 24 மணி நேரமும் நீடிக்கிறது. சுவர் உள்நோக்கித் தடித்து, தழும்பு நார்கள் சேர்ந்து விறைக்கிறது. விறைத்த அறை எளிதில் தளராததால் நுரையீரலில் அழுத்தம் கூடி மூச்சு வாங்குகிறது. இந்நிலையில் சுருங்கும் திறன் இயல்பாகவே இருக்கலாம்.

மாரடைப்பில் தமனி அடைபட்டு, தசையின் ஒரு பகுதி இறந்து தழும்பாகிறது. இறந்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் போதிய அளவில் உருவாவதில்லை. எஞ்சிய தசை கூடுதல் சுமையைத் தாங்கி, அறை படிப்படியாக விரிந்து உருண்டையாகிறது. நீரிழிவு, தொடர் மதுப்பழக்கம், தசையைத் தாக்கும் வைரசு அழற்சி, சில வகைப் புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் தசையை நலிவுறச் செய்யும்.

நிரம்பிய குருதியில் எத்தனை விழுக்காடு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே எக்கோ அறிக்கையில் இ.எஃப். எனக் குறிக்கப்படுகிறது. இது பொதுவாக 55 முதல் 70 வரை இருக்கும். 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சுருங்கும் திறன் குறைந்த இதயச் செயலிழப்பு எனப்படும்.

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த வயதின் இடைநிலை அளவு தெற்காசியர்களிடம் 53 ஆகவும், பிறரிடம் ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. மரபுக் காரணமும் உண்டு. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், தெற்காசியர்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதாக 2009இல் பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. இம்மாற்றம் உள்ளவர்களுக்குத் தசைநோய் வரும் வாய்ப்பு கூடுதல்; ஆனால் அனைவருக்கும் நோய் வருவதில்லை.

தொழிலும் இதயமும்

ஜெரமி மோரிசு குழுவினர் 1953இல் வெளியிட்ட ஆய்வு, இலண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டது. நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிடக் கரோனரி நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பருமனாக இருந்தனர் என்பது பின்னர் அவர்களின் சீருடை அளவுகளிலிருந்து தெரிந்தது. எனினும் உடலுழைப்பின் பங்கைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் விசைத்தறிகளுக்கும் பெயர்பெற்ற திருச்செங்கோட்டில் இந்த ஆய்வு பொருத்தமானது. தொலைதூரம் லாரி ஓட்டுவதும், தறியருகே நின்றுகொண்டே இருப்பதும் உடலைக் களைப்படையச் செய்யும். ஆனால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து உயர்த்தி வைக்கும் உழைப்பு அல்ல. களைப்பு வேறு, இதயத்திற்கான பயிற்சி வேறு. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

நோயுற்ற இதயத்திற்குப் பயிற்சி

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் படுக்கையில் ஓய்வெடுக்க வேண்டும் என்றே முன்பு கருதப்பட்டது. 2,331 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானது என்றும், வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துகிறது என்றும் காட்டியது. மருந்துகளுடன் சேர்ந்தே பயிற்சி பயன் தரும்; அவற்றுக்கு மாற்றாகாது. இதயத்தசை அழற்சி வந்தவர்கள் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் கடும் உழைப்பைத் தவிர்க்கவேண்டும். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களும், தசைத்தடிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்பே படியேறுவது போன்ற உழைப்பில் ஈடுபடவேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பழக்கமில்லாதவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. சில நிமிடம் நின்றால் தணியும். வாரந்தோறும் ஏறினால் குறையும். பின்வருவன அவ்வாறானவை அல்ல:

- நெஞ்சின் நடுவே இறுக்கம், அது தாடைக்கோ இடக்கைக்கோ பரவுதல்
- முன்பு எளிதாக ஏறிய படிகளில் இப்போது மூச்சு முட்டுதல்
- ஏறும்போது மயக்கம்
- மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம்
- குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருத்தல்

நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டுமே மாரடைப்பின் அறிகுறியாகலாம். ஓய்வெடுத்தும் தணியாத நெஞ்சுவலிக்கு 108 ஆம்புலன்சை உடனே அழைக்கவேண்டும். வாயுத்தொல்லை எனக் கருதிக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கமுடியாத தசையை இழக்கச் செய்கிறது. மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. வண்டியுடன் மாதக்கணக்கில் வெளிமாநிலம் செல்பவர்கள் இம்மாத்திரைகளை இடையில் நிறுத்தினால், இதயத்தசையின்மீது அழுத்தத்தின் சுமை மீண்டும் ஏறும்.