பனியைத் தாங்கும் பூஞ்செடி எது?



கேமரன் மலைக்குப் போனவர்கள், வீட்டு வாசல்களில் பந்துபோல் உருண்டு பூத்திருக்கும் நீலப் பூவைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஹைட்ரேஞ்சியா. கேமரன் மலை குளிர்ந்த இடம்தான்; ஆனால் அங்கே தண்ணீர் உறைவதில்லை. மாதக்கணக்கில் நிலமே உறைந்து கிடக்கும் அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் கியூபெக் போன்ற இடங்களில் இதே செடி என்ன ஆகும்? பெரும்பாலும் சாகாது. இலை தழைக்கும், பூ மட்டும் வராது. பூத்த செடியைக் காசு கொடுத்து வாங்கி நட்டுவிட்டு, மறு ஆண்டிலிருந்து வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்போர் அங்கே உண்டு.

காரணம் கிளையில் இருக்கிறது. இந்தச் செடி மெக்ரோஃபில்லா இனம். அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை இந்த ஆண்டே கிளையில் கட்டிவிடும். குளிர்காலம் முழுவதும் அந்த மொட்டு வெளியில் நின்றாக வேண்டும். கடும் உறைபனியில் அது கருகிவிடும். வேர் பிழைத்திருப்பதால் வசந்தத்தில் அடியிலிருந்து பச்சை கிளம்பும், அவ்வளவுதான்.

இதன் உறவுச் செடி ஒன்று உண்டு: பேனிக்குலாட்டா. ஜப்பான், சீனா, ரஷ்யாவின் சகாலின் தீவு ஆகியவை அதன் தாய்மண். பூங்கொத்து கூம்பாக இருக்கும். வெள்ளையாக மலர்ந்து, முதிர முதிர இளஞ்சிவப்பாகும். இது வசந்தத்தில் விடும் புதுத் தளிரிலேயே மொட்டுக் கட்டுகிறது. தேயிலையைக் கவாத்து செய்த பிறகு புதுக் கொழுந்து வருகிறதல்லவா, அதைப்போல. பழைய கிளையின் நுனி பனியில் கருகினாலும் அந்த ஆண்டுப் பூ போகாது. சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும்.

ஆகவே கவாத்துக் கத்தியை எடுக்கும் காலமும் வேறு. பேனிக்குலாட்டாவைக் குளிர்காலக் கடைசியில் வெட்டலாம். மெக்ரோஃபில்லாவை அப்போது வெட்டினால், பனி விட்டுவைத்த மொட்டையும் நாமே வெட்டியவர்களாவோம். அதைப் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். 2004இல் விற்பனைக்கு வந்த 'என்ட்லெஸ் சம்மர்' என்னும் மெக்ரோஃபில்லா வகை, புதுக் கிளையிலும் பூக்கும். இருந்தாலும் கடுங்குளிர் நாட்டில் ஒரே செடிக்குத்தான் இடம் என்றால், நான் பேனிக்குலாட்டாவையே சொல்வேன்.

நிறத்தில் மட்டும் அது தோற்றுப்போகிறது. மெக்ரோஃபில்லா, அமிலத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகும். வெள்ளைப் பூ வகைகள் மட்டும் இப்படி மாறா. தேயிலைக்கு வேண்டியதும் அமில மண்தான். கேமரன் மலைப் பூவின் நீலத்துக்கு அதுவே காரணம். பேனிக்குலாட்டாவோ எந்த மண்ணில் நட்டாலும் நீலம் காட்டாது.

இரண்டு செடிகளின் இலையிலும் மொட்டிலும் நச்சு உண்டு. ஆடு மேயவோ, குழந்தைகள் வாயில் வைக்கவோ விட்டுவிடாதீர்கள்.