தட்டியதும் விடுகிறார்களா?

கெலவரப்பள்ளிப் பக்கத்து இளைஞர் ஒருவர், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, பிரேசிலியன் ஜியு ஜிட்சுல முதல்ல எந்தப் பிடியைக் கத்துக்கணும்?” பிடி எதுவும் வேண்டாம் தம்பி, முதலில் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறேன்.

தட்டுவது என்றால் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ கையால் இரண்டு மூன்று முறை அழுத்தமாகத் தட்டுவது. கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாய்விட்டு ‘டேப்’ என்று கத்தலாம். அந்த நொடியே அவர் பிடியை விட வேண்டும். குத்தோ உதையோ இல்லாத இந்தக் கலையில், முழு பலத்தோடு கட்டிப் புரண்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடிவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

இதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவரிடமிருந்து கார்லோஸ் கிரேசிக்கும், அங்கிருந்து தம்பி ஏலியோவுக்கும் வந்த வித்தை இது. 1951 அக்டோபரில், ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஏலியோவின் கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பூட்டினார். ஏலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாகக் கிமுரா பின்னாளில் எழுதினார். கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். ஏலியோவின் பிடிவாதத்தைப் பலர் வீரமாகச் சொல்வார்கள். அது அவருடைய குடும்பப் பெயர் பணயத்தில் இருந்த மேடை. மாலை வகுப்பில் உங்களுக்கு அப்படி எந்தப் பணயமும் இல்லை.

முழங்கையை நேராக்கிப் பூட்டும் ஆர்ம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கால்கள் உங்கள் மார்புக்கும் முகத்துக்கும் குறுக்கே கிடக்கின்றன. உங்கள் மணிக்கட்டு அவர் நெஞ்சோடு இறுகியிருக்கிறது, கட்டைவிரல் மேல்நோக்கி நிற்கிறது. அவர் மெல்ல இடுப்பைத் தூக்குகிறார். முழங்கை நேராகிவிட்டது, வலி இன்னும் வரவில்லை. தட்ட வேண்டியது அப்போதுதான். வலி வரட்டும் என்று காத்திருந்தால் தசைநார் போய்விடும். கழுத்துப் பிடியில் அவகாசம் இன்னும் குறைவு. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பும். குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்குள் முழங்கால் கெட்டுவிடலாம். வெள்ளை பெல்ட் போட்டிகளில் அதற்குத் தடை இருப்பது அதனால்தான்.

சிப்காட் தம்பிக்கோ, லைனில் நின்று ஸ்பேனர் பிடிக்கிற கை அது. முழங்கை வீங்கி ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தால், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த மாதச் சம்பளமே போச்சு. இங்குள்ள இளைஞர்கள் இந்தக் கலையைப் பல வருஷம் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதல் ஆறு மாதத்தில் ரோஷத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டு நிற்பதை எப்படிப் பொறுப்பது?

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே இதற்கென்றே கூடங்கள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பாய் சுத்தமாக இருக்கிறதா, படர்தாமரையோடு யாரையாவது இறக்குகிறார்களா என்று கவனியுங்கள். அதைவிட முக்கியம் ரோலிங் நேரம், அதாவது இருவர் கட்டிப் புரண்டு பழகும் நேரம். புதுசா வந்த ஒல்லிப் பையன் தட்டியதும் சீனியர் உடனே விடுகிறாரா, இல்லை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு விடுகிறாரா? இழுத்துவிட்டு விட்டால் மாஸ்டர் அவரைக் கண்டிக்கிறாரா? கண்டிக்காத இடத்தில் எவ்வளவு பெரிய பெல்ட் சொல்லிக்கொடுத்தாலும் சேராதீர்கள்.

அடுத்த வாரம்: கீழே மாட்டிக்கொண்டவர் மூச்சு வாங்காமல் வெளியே வருவது எப்படி?