லைசென்ஸ் வேண்டாம், டிரைவர் வேண்டாம்... பிரான்ஸ் கால்வாயில் படகை நீங்களே ஓட்டலாம்! பக்கிங்காம் கால்வாயில் ஏன் முடியல?

தறிச் சத்தத்தில் வளர்ந்து, இப்போது ஓ.எம்.ஆரில் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கும் ஆரணிப் பிள்ளைகள் நிறைய பேர். ஞாயிறு ராத்திரி சென்னை பஸ்ஸில் ஏறினால், வீடு சேரும்வரை ரீல்ஸ்தான் துணை. அதில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று: இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர், அதில் ஒரு வெள்ளைப் படகு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மாலுமி இல்லை, லீவில் வந்த யாரோ ஒருவர். கமென்ட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு லைசென்ஸ் வேண்டாமா?"

வேண்டாம். பிரான்ஸில் சொந்தப் படகு ஓட்ட லைசென்ஸ் கட்டாயம். ஆனால் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் கால்வாய்ப் படகுக்கு விதிவிலக்கு உண்டு. வாடகை நிறுவனமே படகுத் துறையில் வைத்து எப்படி ஓட்டுவது, நிறுத்துவது, கட்டுவது என்று சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அட்டையைக் கொடுத்துவிடும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இவ்வளவு தைரியமாகச் சாவியைக் கொடுக்கக் காரணம், வேகம். கனால் து மிடி என்ற புகழ்பெற்ற தெற்குப் பிரான்ஸ் கால்வாயில் உச்ச வேகமே மணிக்கு 8 கி.மீ. கரையில் சைக்கிளில் போகிறவர் ஓவர்டேக் செய்துவிடுவார். ராத்திரியில் ஓட்டக் கூடாது. நாள் முழுக்க ஓட்டினால் 25, 30 கி.மீ. வரும். அதாவது ஆரணியிலிருந்து ஆற்காடு போகும் தூரம், ஒரு நாளுக்கு. அவசரக்காரர்களுக்கான டூர் இது இல்லை. படகிலேயே படுக்கை, கிச்சன், பாத்ரூம் எல்லாம் உண்டு. சாயங்காலம் ஏதாவது கிராமத்தின் ஓரம் கட்டிப்போட்டுவிட்டு, இறங்கி ரொட்டியும் தக்காளியும் வாங்கிவந்து சமைத்துக்கொள்ளலாம்.

உண்மையான வேலை, லாக்கில்தான்

ஓட்டுவது சுலபம். ஆனால் கால்வாய் மேடேறி இறங்கும் இடங்களில் 'லாக்' இருக்கும். தண்ணீர் மலை ஏறாது இல்லையா? அதனால் முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டிக்குள் படகைக் கொண்டுபோக வேண்டும். பின்கதவு மூடும். மேலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் மேலே வரும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும், நீங்கள் கிளம்பலாம். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கால்மணி நேரத்தில் ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் கயிற்றில். கரையிலுள்ள கட்டையைச் சுற்றிக் கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், முடிச்சுப் போடவே கூடாது. இறங்கும்போது முடிச்சுப் போட்டுவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும், படகு கயிற்றில் தொங்கும். தறியில் பாவு இழுத்துக் கட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: அதிகம் இறுக்கினாலும் போச்சு, தளர விட்டாலும் போச்சு. அதனால் தனி ஆளாகப் போகும் டிரிப் இது இல்லை, குறைந்தது இரண்டு பேர் தேவை. லாக் வேலையே வேண்டாம் என்றால் பெஸியே ஊருக்கு மேற்கே 54 கி.மீ. தூரத்துக்கு ஒரு லாக்கும் இல்லாத நீளமான பகுதி இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. பெஸியே பக்கத்திலேயே ஃபோன்செரானில் லாக்குகள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அதை இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பதற்கே கூட்டம் கூடும்.

செலவு? நாலு பேர் தங்கும் படகுக்கு ஒரு வாரத்துக்கு ஆயிரம் யூரோவில் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் இரண்டாயிரத்தைத் தாண்டும். என்ஜின் ஓடிய மணிக்கணக்குக்கு டீசல் காசு தனி, டெபாசிட் தனி. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஃபிளைட் டிக்கெட்டையும் சேர்த்தால் பட்ஜெட் எகிறும். நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் லாக்குகளை மூடிவிட்டுப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள், அதனால் தீபாவளி லீவு நவம்பரில் வந்தால் இந்த பிளான் வேலைக்கு ஆகாது.

டூரிஸ்ட்டுக்காக வெட்டிய கால்வாய் இல்லை

கனால் து மிடி வெட்டப்பட்டது 1666 முதல் 1681 வரை. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கி.மீ. நோக்கம், சரக்கு. பியர் போல் ரிக்கே என்ற வரி வசூல் அதிகாரி சொந்தப் பணத்தையும் கொட்டி இதைக் கட்டினார், ஆனால் திறப்பதற்குச் சில மாதம் முன்னால் 1680-ல் இறந்துபோனார். (1751-ல் ஆரணியில் கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரர்கள் பக்கப் படையும் மோதியபோது, இந்தக் கால்வாயில் படகு ஓட ஆரம்பித்தே 70 வருஷம் ஆகியிருந்தது!) பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது. 20-ம் நூற்றாண்டின் கடைசியில் சரக்குப் படகுகள் ஏறக்குறைய நின்றுபோயின. அந்த இடத்தில்தான் வாடகைப் படகுகள் நுழைந்தன. 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. இன்று கால்வாய்களைக் கவனிக்க அரசு அமைப்பு ஒன்றே தனியாக இருக்கிறது. அங்கேயும் எல்லாம் சுகம் இல்லை: 2006-லிருந்து கரையோர பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் தாக்கி, ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டியதாகிவிட்டது. வெட்டிய இடத்தில் புது மரம் நட்டு வருகிறார்கள்.

ஓ.எம்.ஆருக்குப் பக்கத்திலேயே ஒன்று

இதைப் படித்துக்கொண்டிருப்பவர் ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தால், ஆபீஸுக்குக் கிழக்கே எட்டிப்பார்த்தால் போதும். பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ., அதில் தமிழ்நாட்டில் மட்டும் 163 கி.மீ. கனால் து மிடியைவிட நீளம்! ஆரணியிலிருந்து வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போனால் இதன் தென்முனையையே பார்த்துவிடலாம்.

1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பிறகு இரண்டு பக்கமும் நீண்டது. 1876–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்ட வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அந்தக் காலத்தில் நிவாரண வேலைக்கான கூலியை ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்ததே பெரிய சர்ச்சை. கால்வாய்க்குப் பெயர் மட்டும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

விறகு, உப்பு, நெல் எல்லாம் தோணியில் இதில்தான் சென்னைக்கு வந்தன. ஜாலி டிரிப்பும் நடந்திருக்கிறது. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில்தான் போனார். அந்தப் பயணம்தான் 'மாவலிபுரச் செலவு' கவிதை. வழியின் அழகைச் சொல்லும் கவிஞர், தோணியை நகர்த்த உடம்பை வருத்துகிறவர்களையும் பார்க்கத் தவறவில்லை. செல்ஃப் டிரைவ் எல்லாம் அப்போது கிடையாது, இன்னொருவரின் தோள்தான் என்ஜின்.

அப்புறம் என்ன ஆச்சு? ரயிலும் லாரியும் இங்கேயும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. இதுவரை கதை பிரான்ஸ் மாதிரியேதான். 1965, 66 புயல்கள் கரைகளைச் சிதைத்தன. முகத்துவாரங்களில் மணல் மூடியது, தூர் வாருவது குறைந்தது. நகரத்தின் சாக்கடை உள்ளே வந்தது. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்களைக் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் நட்டார்கள். ஓடுவதற்குப் படகே இல்லாதபோது, பாதை எதற்கு என்று தட்டிக்கேட்க ஆளும் இல்லை. பிரான்ஸில் சரக்கு போனதும் லீவுக்கு வந்தவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள், இங்கே அதைச் சாக்கடை பிடித்துக்கொண்டது. வித்தியாசம் அங்கேதான்.

2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். சோழிங்கநல்லூர் – கல்பாக்கம் பகுதியை முதலில் சரிசெய்யலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்படியே படகு விட்டாலும் சட்டம் வேறு: 2021-ன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி மோட்டார் படகுக்குப் பதிவு வேண்டும், தகுதி ஆய்வு வேண்டும், ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். ஆலப்புழை ஹவுஸ்போட்டில்கூட ஓட்டுநரும் சமையல்காரரும் கூடவே வருவது அதனால்தான்.

இப்போதைக்கு இந்தக் கால்வாய்த் தண்ணீரில் படகேற ஆசைப்பட்டால், முட்டுக்காடு போகலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கும் அந்தக் காயலைக் குறுக்கே கடந்துதான் பக்கிங்காம் கால்வாய் தெற்கே போகிறது. ஆரணிக்காரர்களுக்கு இன்னும் பக்கம் ஜவ்வாது மலை: ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் படகுச் சவாரி உண்டு. லாக் கிடையாது, விசாவும் கிடையாது.