பூலியன் பண்பு (வலை நிரலாக்கம்)

பூலியன் பண்பு என்பது உண்மை, பொய் ஆகிய இரண்டு நிலைகளில் ஒன்றை மட்டும் சுட்டும் எச்டிஎம்எல் பண்பு ஆகும். பொத்தானை முடக்கும் டிசேபிள்டு, தேர்வுப்பெட்டியில் டிக் இடும் செக்டு, படிவத்தில் ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்பச் சொல்லும் ரிக்வயர்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தருக்கத்தை இயற்கணிதமாக எழுதிக் காட்டிய ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் (1815–1864) பெயரால் இது வழங்கப்படுகிறது. ரியாக்ட், வியூ, ஆங்குலர் போன்றவற்றில் காம்பொனென்ட்களுக்கு அனுப்பப்படும் உண்மை, பொய் மதிப்புகள் பலவும் கடைசியில் இப்பண்புகளாகவே உலாவியைச் சென்றடைகின்றன. அப்படிச் சென்றடையும் வழியில்தான் பிழைகள் நுழைகின்றன.

இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய்

எச்டிஎம்எல்லின் விதி எளியது. பண்பின் பெயர் குறிச்சொல்லில் இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய். அதற்கு என்ன மதிப்பு தரப்பட்டுள்ளது என்பதை உலாவி பொருட்படுத்துவதில்லை. ஆகவே டிசேபிள்டு="ட்ரூ" என்று எழுதினாலும் பொத்தான் முடங்கும்; டிசேபிள்டு="ஃபால்ஸ்" என்று எழுதினாலும் முடங்கும். எச்டிஎம்எல் தரநிலைப்படி இவ்விரண்டுமே தவறான எழுத்துமுறைகள். பெயரை மட்டும் எழுதலாம். மதிப்பு தரவேண்டுமென்றால் வெற்றுச் சரத்தையோ அதே பெயரையோ தரலாம். 2000இல் வெளிவந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 மதிப்பில்லாத பண்பை ஏற்கவில்லை. பழைய பக்கங்களில் டிசேபிள்டு="டிசேபிள்டு" என்று இரட்டித்து எழுதியிருப்பதற்கு அதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில் மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. இவற்றுக்காக ஒரு வலைப்பக்கம் உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் உப்பளத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் லாரியைப் பதிவு செய்ய ஒரு பொத்தான். உப்பு இருப்பு தீர்ந்துவிட்ட அளத்தின் பொத்தான் மட்டும் முடங்கியிருக்க வேண்டும்.

இருப்பு தீர்ந்ததா என்ற கேள்விக்குத் தரவுத்தளம் பூலியன் மதிப்பைத் தராமல் "ஃபால்ஸ்" என்ற எழுத்துகளைச் சரமாகத் தருகிறது. நிரலாளர் அதை அப்படியே டிசேபிள்டு பண்புக்கு அனுப்பிவிடுகிறார். விளைவு, கரையில் உப்பு குவிந்து கிடக்கும் அளத்தின் பொத்தானும் முடங்கிவிடுகிறது. பக்கம் உடைந்து நிற்பதில்லை. பார்ப்பவருக்கு அது இருப்பில்லாத அளம் போலவே தெரியும். லாரிக்காரர் அடுத்த அளத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சுமைதூக்குவோருக்கு அன்றைய வேலை போயிற்று. பூலியன் பிழைகளின் தொல்லை இதுதான். அவை பிழை போலத் தோற்றமளிப்பதில்லை.

இதன் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. எச்டிஎம்எல் பண்பின் மதிப்பு எப்போதும் சரம்தான். ஜாவாஸ்கிரிப்டில் செட்ஆட்ரிபியூட் கொண்டு டிசேபிள்டு பண்புக்கு ஃபால்ஸ் என்ற உண்மையான பூலியனையே கொடுத்தாலும், அது "ஃபால்ஸ்" என்ற சரமாக மாறி எழுதப்படும், பொத்தான் முடங்கும். டாகிள்ஆட்ரிபியூட் என்ற செயற்கூற்றின் இரண்டாம் உள்ளீடாக அந்த மதிப்பைத் தந்தால் பண்பு சேர்க்கப்படும் அல்லது நீக்கப்படும். பொத்தானுக்கான ஜாவாஸ்கிரிப்ட் பொருளின் டிசேபிள்டு உறுப்பை நேரடியாக மாற்றுவது இன்னும் எளிது.

சட்டகங்கள் கையாளும் விதம்

ரியாக்டில் மதிப்பின்றி எழுதப்படும் பண்பு ட்ரூ என்று கொள்ளப்படும். பூலியனாகவே ஃபால்ஸ் அனுப்பினால் ரியாக்ட் அப்பண்பை எச்டிஎம்எல்லில் எழுதாமல் விட்டுவிடும். ஆனால் "ஃபால்ஸ்" என்ற சரத்தை அனுப்பினால், வெற்றில்லாத எந்தச் சரமும் ஜாவாஸ்கிரிப்டில் உண்மையாகக் கொள்ளப்படுவதால், பொத்தான் முடங்கும். உருவாக்கப் பதிப்பில் இதற்கு ஓர் எச்சரிக்கை வரும். கன்சோலைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் அது பயன்படும்.

வியூவில் ஒரு பிராப் பூலியன் வகை என்று அறிவிக்கப்பட்டிருந்தால், பெயர் மட்டும் எழுதப்பட்டால் ட்ரூ, எழுதப்படாவிட்டால் ஃபால்ஸ் என்று அது தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்குலர் 16.1இல் (2023) வந்த பூலியன்ஆட்ரிபியூட் என்ற மாற்றி வேறு வழியில் போகிறது. அது "ஃபால்ஸ்" என்ற சரத்தையும் பொய்யாகவே எடுத்துக்கொள்ளும். வசதியானதுதான். ஆனால் இதற்குப் பழகியவர் வெறும் எச்டிஎம்எல் எழுதும்போது ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

பூலியன் போலத் தோன்றுபவை

ட்ரூ, ஃபால்ஸ் என்ற சொற்களை ஏற்கும் எல்லாப் பண்புகளும் பூலியன் அல்ல. டிராகபிள், ஸ்பெல்செக் ஆகியவற்றில் "ஃபால்ஸ்" என்ற சரத்துக்குப் பொருள் உண்டு. திரைவாசிப்பான்களுக்காக எழுதப்படும் ஏரியா பண்புகளும் அப்படியே. ஏரியா-எக்ஸ்பாண்டடு "ட்ரூ" என்றால் விரிந்துள்ளது. "ஃபால்ஸ்" என்றால் மூடியுள்ளது. பண்பே இல்லாவிட்டால் இது விரியக்கூடிய பொத்தானே அல்ல என்று பொருள். பொய்யாக இருந்தால் பண்பை நீக்கிவிடு என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், கண்பார்வையற்ற பயனருக்கு அங்கே ஒரு பட்டியல் ஒளிந்திருப்பதே தெரியாமல் போகும்.

தெரியாத நிலை

ஓர் அளத்திலிருந்து இன்றைய தகவல் இன்னும் வரவில்லை என்று கொள்வோம். பூலியன் பண்பில் இதைச் சொல்ல இடமில்லை. இல்லை என்பதும் இன்னும் தெரியாது என்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. வியூவில் இயல்பு மதிப்பை அன்டிஃபைன்டு என்று வெளிப்படையாக அறிவித்தால் இந்த வேறுபாட்டைக் காக்கலாம். ஆயினும் மூன்று நிலைகள் உண்மையிலேயே இருக்கும்போது பூலியனைக் கைவிட்டு, உண்டு, இல்லை, தகவல் வரவில்லை என்ற மூன்று சொற்களில் ஒன்றை அனுப்புவதே நேர்வழி.

பல பூலியன்கள் சேரும்போது சிக்கல் பெருகும். உப்பு விளைவது படிப்படியாக நடக்கும் வேலை. உவர்நீர் முதலில் தேக்கப்படும், பிறகு பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடப்படும், ஏறக்குறைய 25 போமே அடர்த்தியில் உப்பு படியத் தொடங்கும், பிறகு வாரப்படும். நீர் பாய்ச்சப்படுகிறதா, சுண்டுகிறதா, உப்பு படிகிறதா, வாரப்படுகிறதா என்று ஒரு பாத்திக்கு நான்கு பூலியன்களை வைத்தால் 16 சேர்க்கைகள் உருவாகும். வயலில் இருப்பவை நான்கு நிலைகளே. நீர் பாய்ச்சலும் வாருதலும் ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் நடப்பதாக அட்டை காட்டினால், அதை உப்பளத் தொழிலாளி உடனே கண்டுபிடித்துச் சிரிப்பார், நிரல் கண்டுபிடிக்காது. நிலை என்ற ஒரே பண்பு, அதற்கு நான்கு மதிப்புகள் என்று வைத்தால் அந்தப் பொருந்தாச் சேர்க்கைகளை எழுதவே வழியில்லை.

பெயரும் இயல்பு மதிப்பும்

காம்பொனென்டின் பூலியன் பண்புக்கு இயல்பு மதிப்பாக ஃபால்ஸ் இருப்பது நல்லது. ட்ரூ என்று வைத்தால் எச்டிஎம்எல் வழியாக அதைப் பொய்யாக்க முடியாது. பண்பை எழுதாமல் விட்டாலும் ட்ரூ, எழுதினாலும் ட்ரூ. லிட் நூலகத்தின் ஆவணங்கள் இதைத் தெளிவாகவே எச்சரிக்கின்றன. ஆகவே மேற்கண்ட அட்டைக்குத் 'திறந்துள்ளது' என்ற பண்பை ட்ரூ இயல்புடன் வைப்பதைவிட 'மூடியுள்ளது' என்று பெயரிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கி உற்பத்தி நிற்கும்போது மட்டும் அதைச் சேர்ப்பது பொருத்தமாகும்.

படிவம் அனுப்பப்படும்போதும் இதே விதி தொடர்கிறது. டிக் இடாத தேர்வுப்பெட்டி சேவையகத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. முடக்கப்பட்ட பெட்டி, டிக் இடப்பட்டிருந்தாலும் அனுப்புவதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்த வேண்டிய படிவங்களில், தேர்வுப்பெட்டிக்குப் பதிலாக ஆம், இல்லை என்ற இரண்டு ரேடியோ பொத்தான்களை வைப்பது வழக்கம்.