டவுன் மண்ணுக்கும் தாகம் உண்டு

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 கோடையில் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றது. பல நாள் மழை ஒரே நாளில் கொட்டுகிற காலம் இது. ஏரியைத் தூர்த்து, மண்ணை சிமெண்டால் மூடினால் தண்ணீர் எங்கே இறங்கும்? பள்ளத்திலுள்ள நம்ம வயலில்தான் வந்து நிற்கும்.

வயல் மனையானாலும் மேல்மண்ணை வழித்து விற்காதீங்க. வீட்டைச் சுற்றி வெறும் மண் விடுங்க. லாரி ஏறி இறுகிய இடத்தைக் கொத்தி, மக்கிய தொழு உரம் கலந்து, சருகைக் கொளுத்தாமல் மூடாக்காகப் போடுங்க. மண் பொலபொலப்பாகி மழையைக் குடிக்கும், வெக்கையும் தணியும்.

ஒரு அடிக் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்க. களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். மற்ற மண்ணிலும் மணிக்கணக்கில் தேங்கினால், மண் இறுகிக் கிடக்கலாம்.