வேகம் கூட்டலாம், கணக்கு தப்பக் கூடாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் சில மாதங்களில் ஓர் ஆசை வரும். இதை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்ட முடியாதா? எனக்கும் வந்தது. அதனால் பட்ட பாட்டை இங்கே சொல்கிறேன்.

நான் இருப்பது நீலகிரியில், பந்தலூரை அடுத்த நெல்லியாளத்தில். பக்கத்து வீட்டு அண்ணன் சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறார். யார், எந்த நாளில், எத்தனை கிலோ கொடுத்தார் என்ற கணக்கு என் கம்ப்யூட்டரில் எக்ஸெல் பைலாக இருந்தது. மாதக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் பணப் பட்டுவாடா.

பிராசசரை அதற்கென நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பதே ஓவர்கிளாக்கிங். 1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பேர்போனது. பஸ் வேகம் 66 மெகா ஹெர்ட்ஸ், பெருக்கும் எண் 4.5, ஆக 300. பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகா ஹெர்ட்ஸ்! ஆனால் கூடவே ராமும் 100க்கு ஈடு கொடுக்க வேண்டும். இன்று பல பிராசசர்களில் பெருக்கும் எண்ணை மட்டும் தனியாக மாற்றலாம். ஆனாலும் ராமை மறந்துவிட முடியாது.

பிராசசர் கேட்ட தகவலை ராம் எடுத்துத் தரச் சில துடிப்புகள் ஆகும். இதுதான் டைமிங். ராமில் 16-18-18-38 என்று இருந்தால், முதல் எண் சி.எல். எண் குறைந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சி.எல் எண்ணை 2000 ஆல் பெருக்கி, ராமின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். டி.டி.ஆர்.4 3200, சி.எல் 16 என்றால் 10 நானோ செகண்ட். 3600, சி.எல் 18 என்றாலும் அதே 10! எண் கூடினாலும் காத்திருக்கும் நேரம் கூடவில்லை.

நான் செய்த தவறு என்ன? ஒரே நாளில் பிராசசர் வேகத்தைக் கூட்டினேன்; சி.எல் எண்ணையும் 16லிருந்து 14 ஆக்கினேன். குளிர்ந்த ஊர்தானே, சூடாகாது என்ற தைரியம். விண்டோஸ் வந்தது, கேமும் ஓடியது. பத்து நாள் கழித்து எக்ஸெல் பைல் திறக்க மறுத்தது. பென் டிரைவில் இருந்த நகலும் அப்படியே; கெட்டுப் போன பைலைத்தானே நகல் எடுத்திருந்தேன்! அண்ணனின் நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி டைப் செய்தேன்.

மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓட்டியதும் பிழைகள் வரிசையாக வந்தன. குற்றவாளி பிராசசரா, ராமா? இரண்டையும் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தேன். சிக்கல் டைமிங்கில். குளிர்ச்சி பிராசசரின் சூட்டைத் தணிக்கும்; அவசரப்படுத்திய ராமைத் திருத்தாது.

நீங்கள் முயல விரும்பினால்:

* முக்கியமான பைல்களை முதலில் வேறு டிரைவில் பதிந்திடுங்கள்.
* பயாஸில் எக்ஸ்.எம்.பி என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். ராம் தயாரித்தவர்கள் சோதித்த வேகமும் டைமிங்கும் அதில் உள்ளன. பலருக்கு இதுவே போதும்.
* ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்திடுங்கள். பழைய எண்ணை எழுதி வையுங்கள்.
* ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.
* வோல்டேஜை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள்.
* கம்ப்யூட்டர் எழவே இல்லையா? மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டு கையேட்டில் உள்ளபடி சிமாஸ் அமைப்பை அழித்திடுங்கள்.

இப்போது என் ராம் 16லேயே ஓடுகிறது. பிராசசர் மட்டும் சற்று வேகம். கொழுந்துக் கணக்கு ஒரு கிலோவும் தப்பவில்லை.