ஒரே வீடு, இரண்டு அணிகள்

2016 ஜூன் 11. பிரான்ஸின் லான்ஸ் நகரில் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டம். ஒரு பக்கம் சுவிற்சர்லாந்து, மறுபக்கம் அல்பேனியா. சுவிஸ் அணியின் நடுக்களத்தில் கிரானிட் ஜாக்கா. அல்பேனிய அணியின் நடுக்களத்தில் அவருடைய அண்ணன் தவுலந்த் ஜாக்கா. இருவரும் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர்கள், ஒரே கழகத்தில் பந்து பழகியவர்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த தாயாரின் சட்டையில் பாதி சுவிஸ் கொடி, பாதி அல்பேனியக் கொடி. ஐரோப்பியக் கிண்ணத்தில் உடன்பிறந்த இருவர் எதிரெதிரே ஆடியது அதுவே முதல் தடவை. சுவிஸ் 1-0 என வென்றது.

அந்த ஆட்டத்தை நான் பாசலில் இருந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் இங்கே வந்தவன் நான். எங்களில் பலரைப் போல உணவகத்தில் கோப்பை கழுவித்தான் இந்த நாட்டில் வாழ்க்கையைத் தொடங்கினேன். என் மகன், கிரானிட் பிறந்த அதே 1992இல், அதே நகரில் பிறந்தான். அவனும் சின்ன வயதில் ஊர்க் கழகம் ஒன்றுக்கு ஆடியவன். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர் அவனிடம், "தம்பி, நீ சுவிஸோ தமிழோ? ஒண்டைச் சொல்லு" என்று கேட்டார். அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "மாமா, முதல்ல ஆட்டத்தைப் பாக்க விடுங்கோ" என்றான்.

மைத்துனர் கேட்ட கேள்வியை உலகம் முழுவதும் விளையாட்டு வீரர்களிடம் கேட்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால் துரோகி என்கிறார்கள். அந்தச் சொல் அநியாயமானது என்பதை எங்கள் நகரத்துப் பிள்ளைகளை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஜாக்கா குடும்பம். தந்தை கொசோவோ அல்பேனியர். 1980களில் யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தவர். விடுதலையான பின் சுவிற்சர்லாந்துக்கு வந்தார். மூத்தவன் தவுலந்த், இளையவன் கிரானிட் இருவருமே சுவிஸ் இளையோர் அணிகளுக்கு ஆடினார்கள். 2009இல் நைஜீரியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்ற சுவிஸ் அணியில் கிரானிட் இருந்தார். பின்னர் அண்ணன் அல்பேனியாவைத் தேர்ந்தார். தம்பி சுவிஸிலேயே நின்று, அணித் தலைவராகி, அந்த நாட்டுக்காக மிக அதிகமான ஆட்டங்கள் ஆடியவரானார். ஒரே தகப்பன், ஒரே சிறைக் கதை, ஒரே சாப்பாட்டு மேசை. ஆனாலும் முடிவு இரண்டு. அதனால் இரத்தம் எதையும் தீர்மானித்துவிடுகிறது என்று எவரும் சொல்ல முடியாது.

செர்தான் ஷாக்கிரி கொசோவோவில் பிறந்து, கைக்குழந்தையாகப் பாசலுக்கு அருகே வந்தவர். அவருடைய தந்தையும் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு வீதி வேலைக்குப் போனார். தாயார் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். இதைப் படித்தபோது நான் எங்கள் ஆட்களின் கதையைப் படிப்பதாகவே உணர்ந்தேன். 2014 பெப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் பிரேரணை ஒன்றுக்குச் சுவிஸ் வாக்காளர்களில் 50.3 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள். அதே ஆண்டு ஜூனில், பிரேசில் உலகக் கிண்ணத்தில், ஹொண்டுராஸுக்கு எதிரான மூன்று கோல்களையும் அடித்து இந்த நாட்டை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனவர் ஷாக்கிரி.

இவான் ராகிடிச்சும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். குரோவாசியப் பெற்றோருக்குப் பாசலுக்கு அருகே பிறந்து, பாசல் கழகத்தில் வளர்ந்து, சுவிஸ் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். 2007இல் குரோவாசியாவைத் தேர்ந்தார். முடிவெடுத்த நாளில் தகப்பன் அறைக்கு வெளியே நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்ததையும், மரியாதைக்காக முதலில் சுவிஸ் பயிற்றுநரையே தொலைபேசியில் அழைத்துச் சொன்னதையும் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். இங்கே பலர் அவரைத் திட்டினார்கள். 2018 உலகக் கிண்ணத்தில் டென்மார்க், ரஷ்யா இரு அணிகளுக்கும் எதிராகக் கடைசி பெனால்டியை அடித்துக் குரோவாசியாவை முன்னே கொண்டுபோனவர் அவர்தான். அந்தக் கால்களைப் பழக்கியது இந்த மண் என்பதில் எனக்குப் பெருமையே தவிரக் கோபம் இல்லை.

பிரேல் எம்போலோவின் கதை மறுபக்கமானது. கமரூனின் யாவுண்டேயில் பிறந்து, சிறுவனாகத் தாயோடு பாசலுக்கு வந்தவர். 2014 டிசெம்பரில் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. 2022 நவம்பர் 24, கத்தார் உலகக் கிண்ணத்தில் சுவிஸ் முதலில் சந்தித்த அணி கமரூன். ஷாக்கிரி தட்டிக் கொடுத்த பந்தை எம்போலோ கோலாக்கினார். ஆட்டத்தின் ஒரே கோல் அது. சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்க, அவர் கொண்டாடவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி அப்படியே நின்றார். வேலையையும் முழுமையாகச் செய்தார், பிறந்த நாட்டுக்குரிய மரியாதையையும் கொடுத்தார்.

இனி விதிமுறையைப் பார்ப்போம். பழைய காலத்தில் கட்டுப்பாடு மிகக் குறைவு. லூயிஸ் மொன்ட்டி 1930 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டினாவுக்கும் 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கும் ஆடினார். ஹங்கேரியின் புஸ்காஸ் 1962இல் ஸ்பெயின் சட்டையோடு உலகக் கிண்ணத்துக்கு வந்தார். 2004இல் கத்தார், தன்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் வீரர்களைக் குடிமக்களாக்கிச் சேர்க்க முயன்றபோதுதான் ஃபிஃபா விழித்துக்கொண்டது.

இன்றைய விதியின் சாரம் இது. அந்த நாட்டின் குடியுரிமை கட்டாயம் வேண்டும். புதிதாகக் குடியுரிமை பெற்றவராயின், அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகள். இளையோர் அணிகளில் ஆடியதோ, முதன்மை அணியின் சிநேகபூர்வ ஆட்டங்களில் ஆடியதோ ஒருவரைக் கட்டிப்போடாது. போட்டித் தொடர் ஆட்டம்தான் கட்டும். அதிலும் 2020இல் ஒரு தளர்வு வந்தது: 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடி, மூன்று ஆண்டுகள் கழிந்து, உலகக் கிண்ணத்திலோ கண்டக் கிண்ணத்திலோ இறங்காதிருந்தால் ஒரு தடவை மாறலாம்.

இந்தத் தளர்வுக்குக் காரணமானவர்களில் ஒருவர் முனீர் எல் ஹத்தாதி. மொரோக்கோ வழிவந்த ஸ்பானிய வீரர். 2014இல், 19 வயதில், ஸ்பெயினுக்காக மாற்று வீரராக இறங்கிப் பதின்மூன்று நிமிடங்கள் ஆடினார். அதன் பிறகு ஸ்பெயின் முதன்மை அணி அவரை ஆட விடவில்லை. மொரோக்கோவுக்கு ஆட விரும்பியபோது அந்தப் பதின்மூன்று நிமிடங்கள் குறுக்கே நின்றன. 2021இல்தான் வழி பிறந்தது. ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் கால் மணி நேரத்தை வாழ்நாள் முடிவாக ஆக்கிய விதியை மாற்றியது சரியே.

விதி இருந்தால் ஏமாற்றும் இருக்கும். மலேசிய அணிக்காக 2025இல் ஆடிய ஏழு வெளிநாட்டு வீரர்களின் பாட்டன் பாட்டி பிறப்புச் சான்றுகள் திருத்தப்பட்டவை என ஃபிஃபா கண்டது. அசல் பதிவுகளில் இருந்த ஊர்கள் ஆர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் நாடுகளைச் சேர்ந்தவை. அந்த ஆண்டு செப்டெம்பரில் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் வீரர்களுக்கு ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. ஒரு பொய்ச் சான்று, உண்மையிலேயே பாட்டியின் ஊரைத் தேடிப் போகும் பிள்ளையின் மீதும் சந்தேகத்தை விழச் செய்கிறது.

சுவிஸுக்கு 2018இல் வேறொரு சோதனை வந்தது. ரஷ்யாவின் கலினின்கிராட்டில் செர்பியாவை 2-1 என வென்ற ஆட்டத்தில் கோல் அடித்த ஜாக்காவும் ஷாக்கிரியும் கைகளால் அல்பேனியக் கொடியிலுள்ள கழுகைக் காட்டினார்கள். ஃபிஃபா இருவருக்கும் தலா 10,000 பிராங்க் அபராதம் விதித்தது. அல்பேனிய வேர் எதுவும் இல்லாத அணித் தலைவர் லிச்ஸ்டைனரும் தோழர்களோடு சேர்ந்து அதையே காட்டி 5,000 பிராங்க் கட்டினார். ஒரு நாடு எப்படி ஒன்றாகிறது என்பதற்கு நான் காட்டும் சான்று அவருடைய கைகள்தான். ஆனால் சில வாரங்களில் சுவிஸ் சங்கத்தின் உயர் அதிகாரி ஒருவர், இரட்டைக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதா என்று வெளிப்படையாகக் கேட்டார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது நல்லது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் விசுவாசப் பத்திரம் எழுதி வாங்கித்தான் பந்து கொடுப்போம் என்பது எந்த நாட்டுக்கும் பெருமை தராது. அதிலும் சுவிஸில் பிறந்தாலே குடியுரிமை வந்துவிடாது. விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் எங்கள் பிள்ளைகள் பெறுகிறார்கள். அத்தனை நாள் காக்க வைத்த நாடு அவசரப்பட்டு விசுவாசத்தைச் சந்தேகிக்கக் கூடாது.

தமிழருக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கமர்க்னெக்ட், தாய்வழி உறவால் இலங்கை அணிக்கு ஆடுகிறார். ஃபிஃபாவில் இடமில்லாத இனங்களும் நாடுகளும் பங்குபெறும் கொனிஃபா உலகக் கிண்ணத்தில், 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும், புலம்பெயர்ந்த பிள்ளைகள் தமிழீழ அணியாக இறங்கினார்கள். இந்தியாவின் கதவு மட்டும் இறுக்கமானது. 2008இல் எடுத்த முடிவின்படி இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது, இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. குஜராத்தித் தந்தைக்கு ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி, ஜப்பான் குடியுரிமையைத் துறந்துதான் 2013இல் இந்தியச் சட்டை அணிந்தார். மும்பைத் தாய்க்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸும் 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்தார். லண்டனிலோ பாரிஸிலோ பந்து உதைக்கும் நம் பிள்ளை இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டால், அவன் கொடுக்க வேண்டிய விலை இது.

எங்கள் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மகனோ மகளோ நன்றாக ஆடினால், குடியுரிமைப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றுகளையும் நேரத்தோடு நேர்மையாக ஒழுங்கு செய்யுங்கள். முதன்மை அணிக்கு அழைப்பு வந்தால், எந்த ஆட்டம் கட்டும், எது கட்டாது என்று விதியைப் பிள்ளையோடு இருந்து படியுங்கள். தாத்தாவின் ஊரையும் கதையையும் சொல்லுங்கள். முடிவை அவர்களிடமே விடுங்கள். அவர்கள் எந்தச் சட்டையை அணிந்தாலும் போய்க் கைதட்டுங்கள். துரோகி என்ற சொல்லை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.